புழுவும் விதையும் சொல்லும் பாடம்: இயற்கையின் உருமாற்றங்களும் கிறிஸ்தவ விசுவாசமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கும்போது கம்பளிப்புழு, விதை, தளிர் என்று கையில் கிடைப்பதை வைத்துப் பேசுவது என் வழக்கம். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். பெரியவர்கள்தான் சந்தேகங்களோடு நிற்பார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வசனங்கள், நம்மில் பலருக்கு மனப்பாடமான பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

இயற்கையிலிருந்து விசுவாசப் பாடம் படிக்கலாம் என்று வேதத்தில் இருக்கிறதா, இல்லை இது பிரசங்கிகளின் கற்பனையா?

இருக்கிறது. "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்" என்று நீதிமொழிகள் (6:6) அனுப்பியே வைக்கிறது. மலைப்பிரசங்கத்தில் இயேசு "காட்டுப்புஷ்பங்கள் எப்படி வளருகிறதென்று கவனித்துப்பாருங்கள்" என்கிறார் (மத்தேயு 6:28). ரசியுங்கள் என்று சொல்லவில்லை, கவனியுங்கள் என்கிறார். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில் பாதி அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் அடங்கிவிடும்.

திருச்சபையிலும் இது பழைய வழக்கம். நான்காம் நூற்றாண்டில் ஆயர் பசிலியு, படைப்பின் ஆறு நாட்களைப் பற்றிய பிரசங்கங்களில் பட்டுப்புழுவின் மாற்றத்தைச் சொல்லி, பட்டு நூல் சுற்ற உட்காரும் பெண்கள் அதைப் பார்த்து உயிர்த்தெழுதலை நினைத்துக்கொள்ளலாம் என்றார். 1561ஆம் ஆண்டின் பெல்ஜிய விசுவாச அறிக்கை, படைப்பை அழகிய ஒரு புத்தகமாகவும் உயிர்களை அதன் எழுத்துகளாகவும் வர்ணிக்கிறது.

அப்படியானால் வேதாகமத்தில் வண்ணத்துப்பூச்சி எங்கே வருகிறது?

எங்கேயும் வரவில்லை. அதன் உறவான அந்துப்பூச்சிதான் வருகிறது, அதுவும் துணியை அரிக்கிற திருடனாக: "பூச்சியும் துருவும் கெடுக்கும்" (மத்தேயு 6:19). துணியை உண்மையில் தின்பது சிறகு முளைத்த அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. அதுவும் கூடு கட்டி உருமாறுகிற இனம்தான்! ஒரே மாற்றம், ஆனால் வேதம் அதிலிருந்து எடுத்த பாடம் வேறு. வண்ணத்துப்பூச்சி ஒரு நல்ல உதாரணம். அது வசனம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

பவுல் சொல்லும் "மறுரூபம்" பூச்சியின் உருமாற்றம்தானா?

சொல் ஒன்றுதான். ரோமர் 12:2இல் "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லின் வேரிலிருந்துதான் உயிரியலாளர்கள் பயன்படுத்தும் 'மெட்டமார்ஃபோசிஸ்' வந்தது. மலையின்மேல் இயேசு மறுரூபமானார் என்ற இடத்திலும் (மத்தேயு 17:2), நாம் மகிமையின்மேல் மகிமையடைந்து "மறுரூபப்படுகிறோம்" என்ற இடத்திலும் (2 கொரிந்தியர் 3:18) அதே சொல்தான். ஆனால் பவுல் எழுதும்போது அவர் மனதில் பூச்சி இருந்தது என்று சொல்ல நமக்கு ஆதாரம் இல்லை. பூச்சிகளுக்கு அந்தச் சொல்லைப் பூட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

ரோமர் வசனத்தின் முன்பாதி இதைவிடச் சுவையானது: "இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்." வேஷம் ஒரு பக்கம், மறுரூபம் ஒரு பக்கம். பச்சோந்தி நிறம் மாறினாலும் பச்சோந்திதான். (பாவம், நாம் திட்டுகிற அளவுக்கு அது ஏமாற்றுக்காரன் அல்ல. அதன் நிறமாற்றம் பெரும்பாலும் வெப்பத்துக்காகவும், எதிராளிக்கும் இணைக்கும் சேதி சொல்லவும்தான்.) இன்னொன்று: கிரேக்கத்தில் அந்த வினை செயப்பாட்டு வினை. "உங்களை நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்பதைவிட "மாற்றப்பட இடங்கொடுங்கள்" என்பதே அதற்கு நெருக்கமான பொருள்.

கூட்டுக்குள் புழு செத்துவிடுகிறதா, இல்லையா? ஒருவர் கூழாகக் கரைந்துவிடுகிறது என்கிறார், இன்னொருவர் தூங்குகிறது என்கிறார்.

தூக்கம் நிச்சயமாக இல்லை. தசைகளிலும் மற்ற திசுக்களிலும் பெரும்பகுதி உடைந்து கரைகிறது. ஆனால் முழுவதும் கூழாகிவிடுவதும் இல்லை. மூச்சுக்குழாய்கள் நீடிக்கின்றன, நரம்பு மண்டலம் திருத்தி அமைக்கப்படுகிறது. சிறகுக்கான சிறு உயிரணுத் திரள்கள் புழுப் பருவத்திலேயே உள்ளே இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் யான் சுவாமர்டாம் என்ற டச்சு ஆய்வாளர் புழுவின் தோலை விலக்கி, உள்ளே சிறகின் தொடக்கம் இருப்பதைக் காட்டினார். ஒரு விலங்கு செத்து வேறொன்று பிறக்கிறது என்ற பழைய எண்ணம் அதோடு ஆட்டம் கண்டது.

2008இல் வெளியான ஓர் ஆய்வு என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது. புகையிலைக் கொம்புப்புழுக்களுக்கு ஒரு குறிப்பிட்ட வாசனையோடு சிறு மின்னதிர்ச்சி கொடுத்து, அந்த வாசனையை வெறுக்கப் பழக்கினார்கள். கடைசிப் புழுப் பருவத்தில் அப்படிப் பழகியவை, அந்துப்பூச்சியாக வெளிவந்த பிறகும் அதே வாசனையை விட்டு விலகின. அத்தனை கரைதலையும் தாண்டி ஒரு நினைவு பிழைத்திருக்கிறது.

"எல்லாம் புதிதாயின" (2 கொரிந்தியர் 5:17) என்ற வசனத்தைப் படித்துவிட்டு, "என் பழைய வாழ்க்கை ஏன் இன்னும் ஞாபகம் வருகிறது?" என்று தவிக்கிறவர்களிடம் இதைச் சொல்வேன். உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கைகளிலேயே ஆணித் தழும்பு இருந்தது. தோமாவுக்கு அதைத்தான் காட்டினார் (யோவான் 20:27). புதிதாவது என்றால் வரலாறு அழிந்துபோவது என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

"விதை சாவதே இல்லை, இயேசு சொன்னது அறிவியல்படி தவறு" என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். என்ன பதில் சொல்வது?

மகன் சொல்லும் உயிரியல் சரிதான், முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். செத்த விதை முளைக்காது. உலர்ந்த விதைக்குள் கரு மிக மெதுவாக உயிரோடு இருக்கிறது. இஸ்ரவேலில் உள்ள மசாதா என்ற பழைய கோட்டையின் அகழாய்வில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005இல் முளைத்தது. அந்த மரத்துக்கு மெத்தூசலா என்று பெயர் வைத்தார்கள்.

இனி வசனத்தைப் பாருங்கள்: "கோதுமை மணியானது நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும், செத்ததேயாகில் மிகுந்த பலனைக்கொடுக்கும்" (யோவான் 12:24). கோதுமை மணியின் பெரும்பகுதி கரு அல்ல, மாவுச்சத்து. ஈரம் பட்டதும் அது சர்க்கரையாக உடைந்து முளைக்கு உணவாகிறது. சில நாளில் தோண்டிப் பார்த்தால் வெறும் உமி இருக்கும். மணி என்ற அளவில் அது முடிந்துபோயிற்று, தன்னைச் செலவழித்துத் தீர்த்துவிட்டது. விதைக்கிறவன் பேச்சில் அதற்குப் பெயர் சாவுதான். இயேசு அங்கே தாவரவியல் வகுப்பு எடுக்கவில்லை. சிலுவை நெருங்குகிறது, தம்மைப் பற்றியே பேசுகிறார். அழுத்தம் "தனித்திருக்கும்" என்ற சொல்லில் விழுகிறது. களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிற மணிக்குக் கேடு எதுவும் வராது, அது ஒன்றாகவே இருக்கும், அவ்வளவுதான்.

கடுகு உலகிலேயே சிறிய விதை இல்லையாமே?

இல்லை. ஆர்க்கிட் விதைகள் தூசி போலிருக்கும். இயேசு கடுகை எல்லா விதைகளிலும் சிறியது என்றது, தம் பேச்சைக் கேட்டவர்கள் நிலத்தில் விதைக்கக் கையில் எடுத்த விதைகளை வைத்துச் சொன்ன உவமையில். முந்தைய பதிலில் சொன்னதே இதற்கும்: உவமையிடம் அது சொல்ல வந்ததைக் கேட்க வேண்டும்.

புழு செத்து வண்ணத்துப்பூச்சியாகப் பிறக்கிறது என்றால் அது மறுஜென்மம்தானே? நீங்களும் "மறுபிறப்பு" என்றுதானே சொல்கிறீர்கள்?

தமிழில் இந்தக் குழப்பம் இயல்பாகவே வரும். ஒரே சொல்லை இரண்டு நம்பிக்கைகள் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன. அதனால்தான் நான் "மறுபிறப்பு" என்பதைக் கூடியவரை தவிர்த்து, நிக்கொதேமுவிடம் சொல்லப்பட்டபடி "மறுபடியும் பிறத்தல்" என்றே சொல்கிறேன் (யோவான் 3). மறுஜென்மம் என்பது இறந்தபின் வேறோர் உடலில் வருவது. மறுபடியும் பிறத்தல் இந்த வாழ்நாளிலேயே, இதே ஆளுக்கு, ஆவியானவரால் நடப்பது. உயிர்த்தெழுதல் மூன்றாவது ஒன்று: இறந்த அதே ஆள் அழியாத உடலோடு எழுவது.

மேலே பார்த்தபடி கூட்டுக்குள் ஆள் மாறுவதில்லை. ஆகையால் பூச்சியைச் சாட்சிக்கு அழைத்தால் அது மறுஜென்மத்துக்குச் சாட்சி சொல்லாது. அதற்காக உயிர்த்தெழுதலை நிரூபித்துவிட்டது என்று நாமும் துள்ள வேண்டாம். வண்ணத்துப்பூச்சி சில வாரங்களில் செத்துவிடும். அழியாமையைக் காட்ட அதனிடம் ஒன்றும் இல்லை.

கழுகு நாற்பது வயதில் மலையில் ஏறி, தன் அலகையும் நகங்களையும் பிடுங்கிக்கொண்டு, புதிதாக முளைத்தபின் இன்னும் முப்பது வருடம் வாழும் என்ற செய்தி உண்மைதானே?

பொய். அலகில்லாத கழுகு பட்டினியால் சாகும். காட்டில் வாழும் கழுகு எழுபது வயதை எட்டுவதும் இல்லை. இந்தச் செய்தியை நானும் ஒருமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன். பறவைகளைப் பற்றி அறிந்த ஒரு சகோதரி கூட்டம் முடிந்தபின் தனியாக அழைத்து, மென்மையாகத் திருத்தினார். அந்த மென்மைதான் அதிகம் சுட்டது.

சங்கீதம் 103:5 "கழுகுக்குச் சமானமாய் உன் வயது திரும்ப வாலவயதுபோலாகிறது" என்கிறது. அதற்கு அலகைப் பிடுங்கத் தேவையில்லை. கழுகு உண்மையாகவே இறகு உதிர்த்துப் புதுப்பிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அல்ல. சில சில இறகுகளாக, பறந்துகொண்டிருக்கும்போதே. பாருங்கள், உண்மை பொய்யைவிட நல்ல பிரசங்கம்! மேலும் அந்தக் கட்டுக்கதையில் கழுகு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. சங்கீதத்திலோ "நன்மையால் உன் வாயைத் திருப்தியாக்குகிறார்" என்று செய்கிறவர் வேறு ஒருவர்.

இந்தத் தவறு நம் காலத்தில் தொடங்கியதும் அல்ல. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்கு எழுதிய கிளெமெந்து, உயிர்த்தெழுதலுக்கு அடையாளமாக, தன் செத்த உடலிலிருந்தே மீண்டும் தோன்றும் பீனிக்ஸ் பறவையைச் சொன்னார். அப்படி ஒரு பறவையே கிடையாது. ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசாள் 1577இல் ஆத்துமாவைப் பட்டுப்புழுவுக்கு ஒப்பிட்டு எழுதியபோது, இதை நான் நேரில் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான், தவறிருந்தால் குற்றம் என்னுடையதல்ல என்ற பொருளில் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இரக்கப்பட்டு ஒருவர் கூட்டை வெட்டிவிட, பூச்சி பறக்க முடியாமல் போன கதை? அதையும் விட்டுவிட வேண்டுமா?

எச்சரிக்கையோடு வைத்துக்கொள்ளலாம். குறுகிய துளையில் நெருக்குவதால்தான் சிறகுக்கு நீர் பாய்கிறது என்று கதை சொல்கிறது. உண்மையில் பூச்சி வெளியே வந்து, தலைமேலாகத் தொங்கிக்கொண்டு, உடல் நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்துகிறது. பிறகு சிறகு உலர்ந்து இறுகும் வரை காத்திருக்கிறது. தொங்க இடமில்லாமல் கீழே விழுந்தால் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும். பட்டுப்பூச்சி தன் கூட்டை முட்டி உடைப்பதும் இல்லை. ஒரு நொதியைச் சுரந்து இழைகளை இளக்கிக்கொண்டு வருகிறது. போராட்டத்தைவிடக் காத்திருப்பே அங்கே பெரிது.

இந்தக் கதை எனக்குப் பிடிக்காததற்கு வேறு காரணமும் உண்டு. கடனிலும் நோயிலும் தவிக்கிறவரிடம் "கர்த்தர் உங்கள் சிறகைப் பலப்படுத்துகிறார்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ள இது வசதியாக இருக்கிறது. "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று கலாத்தியர் 6:2 சொல்வது பூச்சிகளிடம் அல்ல.

நான் விசுவாசத்துக்கு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதே கோபம், அதே பொறாமை. நான் இன்னும் புழுவாகவே இருக்கிறேனா?

கழுகின் இறகைப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படியுங்கள். புழுவும் ஒரே நாளில் கூடு கட்டுவதில்லை. பெரும்பாலான இனங்கள் நான்கைந்து முறை தோலுரிக்கின்றன. ஒவ்வொரு முறையும் பார்ப்பதற்கு மறுபடி புழுதான். ஆனால் உள்ளே சிறகுக்கானது வளர்ந்துகொண்டிருக்கிறது. சில இனங்களின் கூட்டுப்புழு குளிர்காலம் முழுவதும், சில நேரம் ஆண்டுக்கணக்காக, அசையாமல் கிடக்கும்.

ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். கோபம் உங்களை வருத்துகிறது என்பதால்தான் இந்த ஆறுதல். அதே கோபத்தால் வீட்டில் ஒருவர் அடிபட்டுக்கொண்டிருந்தால், "நான் கூட்டுக்குள் இருக்கிறேன்" என்பது சாக்குப்போக்கு. அப்போது தேவைப்படுவது உதாரணம் அல்ல. மனந்திரும்புதலும் வெளியாரின் உதவியும்.

மரம் இலை உதிர்ப்பதை "பழையவைகள் ஒழிந்துபோயின" என்பதற்கு ஒப்பிடலாமா?

ஒப்பிடலாம். இலை காற்றடித்து மட்டும் விழுவதில்லை. காம்படியில் மரமே ஒரு பிரிவுப் படலத்தை உண்டாக்கி, இலையிலுள்ள சத்துகளில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, விட்டுவிடுகிறது. மஞ்சள் நிறமும் புதிதாக வந்ததல்ல. பச்சையம் சிதைந்ததும் அடியில் இருந்தது தெரிகிறது. இதற்குமேல் இழுக்க வேண்டாம். உதிர்ந்த இலைக்குப் பதிலாக அதே போன்ற இலைதான் மறுபடி வரும்.

இயற்கையை வியந்து வியந்து கடைசியில் இயற்கையையே தொழுகிற இடத்துக்குப் போய்விட மாட்டோமா?

அந்த ஆபத்தைப் பவுலே சொல்கிறார்: "சிருஷ்டிகரைத் தொழாமல் சிருஷ்டியைத் தொழுது சேவித்தார்கள்" (ரோமர் 1:25). ஆனால் ஐந்து வசனம் முன்னால்தான் அதே சிருஷ்டி தேவனுடைய வல்லமையைக் காட்டுகிறது என்கிறார். மருந்து, கண்ணை மூடிக்கொள்வதல்ல. பத்தொன்பதாம் சங்கீதத்தின் ஒழுங்கு எனக்கு உதவுகிறது: ஆறு வசனங்கள் வானத்தைப் பற்றி, ஏழாவதில் "கர்த்தருடைய வேதம் குறைவற்றதும்" என்று திரும்புகிறது. வானம் மகிமையைச் சொல்லும், மன்னிப்பைச் சொல்லாது. எந்தப் புழுவும் சிலுவையைப் பற்றி எனக்குச் சொன்னதில்லை; சிலுவையை அறிந்தபின்தான் விதை பேச ஆரம்பித்தது.

இதெல்லாம் பரிணாமத்துக்கு ஆதரவா, எதிர்ப்பா?

இரண்டும் இல்லை. உருமாற்றம் ஓர் உயிரின் வாழ்நாளுக்குள் நடப்பது. பரிணாமம் தலைமுறைகள் கடந்த கூட்டத்தின் மாற்றத்தைப் பற்றியது. இந்தப் பாடங்கள் எதுவும் அந்த விவாதத்தின் முடிவை நம்பி நிற்கவில்லை.

துக்க வீட்டில் வண்ணத்துப்பூச்சியைச் சொல்லி ஆறுதல் சொல்லலாமா?

முதல் நாளில் வேண்டாம். லாசருவை எழுப்பப்போகிறேன் என்று தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். மரணத்தைப் பவுல் வண்ணக் கூடு என்று சொல்லவில்லை. "பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு" என்கிறார் (1 கொரிந்தியர் 15:26).

உதாரணத்திலும் ஒரு பழுது உண்டு. "உடல் வெறும் கூடு, ஆத்துமா பறந்துவிட்டது" என்று சொல்லும்போது, உடலை உதறிப்போடும் ஓட்டாக்கிவிடுகிறோம். நம் நம்பிக்கை சரீர உயிர்த்தெழுதல். அந்த இடத்தில் நான் திறப்பது யோபு 14. வெட்டின மரத்துக்காவது நம்பிக்கையுண்டு, "தண்ணீரின் வாசனையினால் அது துளிர்த்து" கிளைவிடும் என்கிறார் யோபு. உடனே, மனுஷனோ அப்படியில்லை என்று உடைந்துபோகிறார். இயற்கையைப் பார்த்து ஆறுதல் கிடைக்காத ஒருவரின் குரல் வேதத்துக்குள்ளேயே இருக்கிறது! பிறகு கேட்கிறார்: "மனுஷன் செத்தபின் பிழைப்பானோ? எனக்கு மாறுதல் எப்போது வருமென்று" காத்திருக்கிறேன். பதில் அந்த அதிகாரத்தில் இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பதிலில்லாமையை நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள்.

பல புழுக்களுக்குள் குளவி முட்டையிட்டு, குஞ்சுகள் உயிரோடு தின்றுவிடுகின்றன. அதிலிருந்து என்ன பாடம் எடுப்பீர்கள்?

கேட்டவர் கிண்டலாகக் கேட்டார்; கேள்வி கிண்டலானது அல்ல. 1860இல் சார்லஸ் டார்வின், விசுவாசியான அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரேக்கு எழுதிய கடிதத்தில் இதே குளவிக் குடும்பத்தைக் குறிப்பிட்டு, அன்புள்ள ஒரு கடவுள் இதைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை என்றார். குளவியும் முழு உருமாற்றம் அடைகிற பூச்சிதான். அதன் சிறகு, புழுவின் சதையால் ஆனது.

இதற்கு ஒரு பாடம் செய்து தர நான் மறுக்கிறேன். "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" (ரோமர் 8:22) என்ற வசனம் ஒரு பக்கம். பாலசிங்கங்கள் தங்கள் இரையை "தேவனால்" தேடுகின்றன என்ற சங்கீதம் 104:21 மறுபக்கம். இரண்டையும் ஒன்றாகத் தைக்கும் ஊசி என்னிடம் இல்லை. ஆனால் வண்ணத்துப்பூச்சியைக் காட்டிவிட்டுக் குளவியை மறைக்கிறவர், இயேசு சொன்னபடி கவனித்துப் பார்க்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு புழு வளர்த்தோம். மூன்று கூடுகளில் ஒன்று திறக்கவே இல்லை. பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

செத்துவிட்டது என்று சொல்லுங்கள். இரவில் பறந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் கூட்டை உடைத்துப் பார்ப்பார்கள். அவசரமும் வேண்டாம், சில கூடுகள் தாமதமாகத் திறக்கும் என்று பார்த்தோமே. நிறம் கறுத்து, நாட்கள் கடந்து, தொட்டாலும் அசையவில்லை என்றால்தான் முடிவு.

எங்கள் வகுப்பிலும் அப்படி ஒன்று நேர்ந்தது. ஒரு சிறுமி, "இது என்ன பாடம்?" என்று கேட்டாள், ஒவ்வொன்றிலும் பாடம் சொல்லிப் பழக்கியிருந்தேன் அல்லவா! தெரியவில்லை என்றேன். அவள் கொஞ்சநேரம் அந்தக் கூட்டைப் பார்த்துவிட்டு, அடைக்கலான் குருவி ஒன்றுகூடப் பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்ற வசனம் (மத்தேயு 10:29) இதற்கும் வருமா என்று கேட்டாள். வரும் என்றேன். கூட்டைக் காகிதத்தில் மடித்து, திறந்த இரண்டு கூடுகளின் ஓடுகளோடு வைத்துவிட்டாள்.